கடன் கொப்பியும் மனமாற்றமும்

ஆன்மீகப் புதுப்பித்தலை அன்றாட வாழ்வில் வாழ்வது பற்றிய ஒரு கற்கை

தவக்காலம் பிறந்துவிட்டால் எமது பங்குகளில் தியானங்களுக்குக் குறைவிருப்பதில்லை. கோவில் முற்றத்தில் பந்தல் எழும்புகிறது. வெளியூரிலிருந்து தியானப் பிரசங்கியார் வருகிறார். மூன்று நாட்களும் சனம் நிறைந்து வழிகிறது. கைகளை உயர்த்திச் செபிக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். பல ஆண்டுகள் பேசாதிருந்த சகோதரர்கள் சிலர் கைகொடுத்துக் கொள்வதையும் கண்டிருக்கிறோம். மூன்றாம் நாள் மாலை நற்கருணை ஆசீரோடு யாவும் நிறைவுபெற, மக்கள் இலேசான மனத்தோடு வீடு திரும்புகிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை. நாம் பணிசெய்த வன்னிக் கிராமத்தில் திங்கட்கிழமை என்பது வாரக் கடன் அறவிடும் நாள்.

அப்படியொரு திங்கட்கிழமை காலையில், முதல் நாள் இரவு முன்வரிசையில் நின்று கண்ணீரோடு செபித்த ஒரு தாய், வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னாலிருந்த பனங்காணிக்குள் ஒளிந்திருந்தார். அவருடைய முற்றத்தில் நான்கு பெண்கள் குந்தியிருந்தார்கள். அவர்களுள் இருவர் முதல் நாள் அதே பந்தலில் இருந்தவர்கள். ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற ஒப்பந்தத்தில் ஐவருமாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். வந்தவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். அவர் கட்டாவிட்டால் தங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு போய்விடும் என்ற பயமே அவர்களை அங்கு இருத்தி வைத்தது. அந்த மூன்று நாட்களிலும் பாவத்தைப் பற்றி எத்தனையோ தடவை பேசப்பட்டது. கடனைப் பற்றி ஒரு தடவையேனும் பேசப்படவில்லை. பிரசங்கித்தவர்களுள் நாமும் இருந்தோம்.

இக்கற்கை செபக்குழுக்களிலும் அன்பியங்களிலும் வாசித்து உரையாடுவதற்காக எழுதப்படுகிறது. விவிலிய வசனங்களை நாம் இங்கே எடுத்து எழுதவில்லை. இடத்தை மட்டும் குறிக்கிறோம். விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பது நல்லது. ஒரே இருப்பில் முடிக்கவேண்டும் என்ற அவசரமும் வேண்டாம்.

இரண்டு பிள்ளைகள், ஒரு தாய்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏட்டின் 43ஆம் பிரிவில், பலர் அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் அவர்களது அன்றாட வாழ்வுக்கும் இடையிலுள்ள பிளவு இக்காலத்தின் பாரதூரமான தவறுகளுள் ஒன்று எனக் கூறப்பட்டிருக்கிறது. கோவிலுக்குப் போகாமலிருப்பது பற்றியல்ல இங்கு பேச்சு. போகிறவர்களின் வாழ்வைப் பற்றியே பேச்சு.

சங்கம் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1967 பெப்ரவரியில், ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள டுக்கேன் பல்கலைக்கழக மாணவர் சிலர் ஒரு தியானத்தில் தூய ஆவியாரின் அனுபவத்தைப் பெற்றனர். இன்று எமது கிராமங்கள் வரை வந்திருக்கும் கத்தோலிக்க அருங்கொடை மறுமலர்ச்சி அங்கேயே தொடங்கியது. அதே 1967ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் மக்களின் முன்னேற்றம் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1968இல், இலங்கை ஆயர் பேரவை செடெக் எனப்படும் சமூக பொருளாதார அபிவிருத்தி நிலையத்தைத் தொடங்கியது.

செபமும் முன்னேற்றப் பணியும் இவ்வாறு ஒரே சங்கத்தின் மடியில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிறந்த பிள்ளைகள். ஆனால் எமது பங்குகளில் அவை ஒன்றையொன்று முகம்பார்ப்பதில்லை. செபக்குழுவினர் வெள்ளி மாலை கூடுகிறார்கள். அபிவிருத்திக் குழுவினர் சனி காலை கூடுகிறார்கள். முன்னவர்களுக்குப் பின்னவர்கள் 'திட்டக்காரர்'. பின்னவர்களுக்கு முன்னவர்கள் 'அல்லேலூயாக்காரர்'. நாம் இரண்டாம் அணியில் வளர்ந்தவர்கள் என்பதால் செபக்குழுவினரைப் பற்றிப் பகிடியாகப் பேசிய நாட்களும் உண்டு. அது தவறு. குடியை விட்ட ஆண்களையும், மரணவீட்டில் மூன்று இரவுகள் துணையிருந்த பெண்களையும் அந்தக் குழுக்களிலேயே அதிகம் கண்டிருக்கிறோம். எமது கேள்வி அவர்களுடைய பக்தி உண்மையானதா என்பதல்ல. அந்தப் பக்தி எந்த வாசலில் நின்றுவிடுகிறது என்பதே.

நெகேமியாவின் கோபம்

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் பகுதி நெகேமியா ஆகமத்தின் 5ஆம் அதிகாரம். எமது ஆராதனைகளில் இது மிக அரிதாகவே வாசிக்கப்படுகிறது. (முதலில் 1 முதல் 13 வரையுள்ள வசனங்களை வாசிக்கவும்.)

காலம், கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டு. நாடுகடத்தப்பட்ட மக்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது. பாரசீக அரசனின் அவையில் பணியாற்றிய நெகேமியா ஆளுநராக வந்து மதிலைக் கட்டும் வேலையை முன்னெடுக்கிறார். வெளியே பகைவர் இருக்கிறார்கள். ஒரு கையில் ஆயுதமும் மறு கையில் வேலையுமாக மக்கள் நிற்கிறார்கள். இடம்பெயர்ந்து மீண்டு, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு வீடு கட்டிய எமது மக்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவேண்டியதில்லை.

மதில் பாதியில் நிற்கும்போதுதான் உள்ளேயிருந்து ஒரு கூக்குரல் எழுகிறது. பகைவருக்கு எதிராகவல்ல, தங்கள் சொந்தச் சகோதரருக்கு எதிராக. 'மக்களும் அவர்களுடைய மனைவியரும்' முறையிட்டார்கள் என்று ஆசிரியர் தனியாக எடுத்துச் சொல்கிறார். பெண்கள் முறையிட்டதை விவிலிய ஆசிரியர்கள் எப்போதும் குறித்து வைப்பதில்லை, இங்கே குறித்திருக்கிறார். முறையிட்டவர்கள் மூன்று வகையினர். பிள்ளைகள் அதிகம், உண்ணத் தானியமில்லை என்பவர்கள் ஒரு வகை. பஞ்ச காலத்தில் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்தவர்கள் இன்னொரு வகை. அரசனின் வரியைக் கட்டுவதற்காகக் கடன்பட்டவர்கள் மூன்றாம் வகை. முடிவில் பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்கும் நிலை. புதல்வியருள் சிலர் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டனர்.

நெகேமியா கடுங்கோபம் கொள்கிறார். ஆயினும் உடனே கத்தவில்லை. முதலில் தமக்குள் ஆலோசிக்கிறார். அதன்பின் பெரியவர்களையும் அதிகாரிகளையும் நேருக்கு நேர் கண்டிக்கிறார். அதுவும் போதாதென்று பெரிய சபையைக் கூட்டுகிறார். பிற இனத்தாருக்கு விற்கப்பட்ட சகோதரரை எம்மால் இயன்றவரை மீட்டெடுக்கிறோம். நீங்களோ சகோதரரை மறுபடியும் விற்கிறீர்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல வாயில்லை.

10ஆம் வசனத்தில் குழு சற்று நிற்கவேண்டும். தாமும் தமது சகோதரரும் ஊழியரும் மக்களுக்குப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருப்பதை நெகேமியா அந்தச் சபையிலேயே சொல்லிவிடுகிறார். 'நீங்கள் விடுங்கள்' என்று அவர் சொல்லவில்லை. 'நாம் விட்டுவிடுவோம்' என்கிறார். மேடையில் நின்று கண்டிப்பவர் தாமும் கணக்கில் இருக்கிறார்.

அடுத்த வசனத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டியவை ஒவ்வொன்றாக வருகின்றன: வயல்கள், திராட்சைத் தோட்டங்கள், ஒலிவத் தோட்டங்கள், வீடுகள், அத்தோடு பணத்திலும் தானியத்திலும் இரசத்திலும் எண்ணெயிலும் அறவிட்ட நூற்றில் ஒரு பங்கு. இந்த நூற்றில் ஒன்று என்பது மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு வீத வட்டி என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து. அப்படியாயின் ஆண்டுக்கு 12 வீதம். எமது ஊரில் அதனை நியாய வட்டி என்றே சொல்வார்கள். நெகேமியாவைக் கோபத்தால் நடுங்கச் செய்தது அந்த வட்டிதான்.

வாக்குக் கொடுத்தவர்களை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. குருக்களை அழைத்து அவர்கள் முன் சத்தியம் செய்விக்கிறார். தமது ஆடையின் மடிப்பை உதறிக் காட்டுகிறார். சபை 'ஆமென்' என்கிறது. நாம் ஆயிரம் தடவை சொல்லும் அந்த ஆமென் இங்கே வட்டியை விடுவதற்கான ஒப்புதல்.

நூலின் ஒழுங்கையும் கவனிக்கவேண்டும். 6ஆம் அதிகாரத்தில் மதில் 52 நாட்களில் கட்டி முடிகிறது. 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா திருச்சட்டத்தை வாசிக்க, மக்கள் எழுந்து நின்று, கைகளை உயர்த்தி, முகங்குப்புற விழுந்து, அழுது வணங்குகிறார்கள். இன்றைய மொழியில் அது ஒரு பெருந்தியானம். 9ஆம் அதிகாரத்தில் பொதுவான பாவ அறிக்கை. ஆகவே இந்நூலில் தியானத்துக்கு முன்பே கடன் கொப்பி திறக்கப்பட்டுவிட்டது. நாம் தியானத்தை வைத்துவிட்டுக் கொப்பியை மூடியே வைத்திருக்கிறோம்.

எமது ஊர்க் கணக்கு

2009இல் போர் முடிந்தபின் வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்குக் கிழக்குக் கிராமங்களுக்குள் வேகமாக வந்தன. எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்களுக்குக் கைமுதல் தேவைப்பட்டது. பிணையாக வைக்க நகையும் இல்லை, உறுதியும் இல்லை. ஐந்து பெண்கள் சேர்ந்து கையெழுத்திட்டால் காசு கிடைத்தது. ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று கடன்கள் பெருகின. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தீர்ப்பதற்கு அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஒருவரும் நாட்டுக்கு வந்து இந்நிலையை ஆராய்ந்தார். இவையெல்லாம் நடந்தும் திங்கட்கிழமை இன்னும் திங்கட்கிழமையாகவே இருக்கிறது.

ஒரு கணக்கைக் குழுவாகச் செய்து பார்ப்போம். ஒருவர் 50,000 ரூபா கடன் பெறுகிறார். வாரம் 1,250 ரூபா வீதம் 52 வாரம் கட்டவேண்டும். மொத்தம் 65,000. வட்டி 15,000. கேட்டால், 'ஆண்டுக்கு 30 வீதம்' என்பார்கள். ஆனால் அந்த 50,000 ரூபா ஆண்டு முழுவதும் அவர் கையில் இல்லை. 26 வாரத்தில் முதலில் பாதியைத் திருப்பிவிடுகிறார். கடைசி மாதத்தில் அவரிடம் மிஞ்சியிருப்பது சில ஆயிரங்களே. வட்டியோ கடைசி வாரம் வரை முழு 50,000 ரூபாவுக்கும் போகிறது. நிலுவைக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறைப்படி பார்த்தால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 54 வீதம். பத்திரச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே கழித்துக்கொண்டால் அதற்கும் மேலே போகும். இந்தக் கணக்கை நாம் கரும்பலகையில் செய்து காட்டியபோது, எட்டாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண், "சுவாமி, இதை ஏன் எங்களுக்கு முந்தியே சொல்லித் தரேல்லை?" என்று கேட்டார். மறுமொழி சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கொம்பனிகளை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போவது எளிது. ஊருக்குள்ளேயே மாதம் நூற்றுக்குப் பத்துக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆண்டுக்கு 120 வீதம்; அதாவது நெகேமியாவைச் சினமூட்டியதைப் போல் பத்து மடங்கு. மீற்றர் வட்டிக்கு விடுபவர்களும் உண்டு. அவர்களுள் சிலர் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்கள். திருவிழாவில் ஒரு நாள் உபயம் அவர்களுடையது. அந்த உபயக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் நாமே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மோட்டார் சைக்கிளில் வந்து அறவிடுகிற அந்த உத்தியோகத்தர் யார்? எமது பங்கில் பாடகர் குழுவில் பாடுகிற இளைஞன். உயர்தரம் படித்துவிட்டு மூன்று ஆண்டுகள் வேலையின்றி இருந்தவன். மாத இலக்கை எட்டாவிட்டால் அவனுக்கும் பேச்சு விழும். அவனை எதிரியாக்கிக் கொண்டு நாம் எந்தப் புதுப்பித்தலையும் செய்யமுடியாது. லூக்கா 3, 10 முதல் 14 வரை வாசித்தால், வரி அறவிடுவோரும் போர்வீரரும் 'நாங்கள் என்ன செய்யவேண்டும்?' என்று யோவானிடம் கேட்பதைக் காண்போம். வேலையை விடும்படி அவர் சொல்லவில்லை. குறித்ததற்கு மேல் அறவிடாதே, மிரட்டிப் பறிக்காதே என்கிறார். அந்த இளைஞனோடு பேசுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

பங்குமனையின் கொப்பி

நெகேமியாவின் 10ஆம் வசனத்தை ஒரு செபக்குழுவில் நாம் விளக்கிக் கொண்டிருந்த மாலை அது. 'கண்டிப்பவர் தாமும் கணக்கில் இருக்கிறார்' என்று சொல்லி முடித்தபோது, பின்வரிசையில் ஒரு தாய் தலைகுனிந்திருந்தார். பங்குமனைக்கு எதிரே சிறிய கடை வைத்திருப்பவர். கூட்டம் முடிந்தபின், சமையலுக்கு உதவும் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சுவாமி, அந்த அம்மாவின்ரை கடையிலை எங்கடை கொப்பி நாலு மாசமாக் கட்டேல்லை."

திட்டப் பணம் வரத் தாமதமாகியிருந்தது. வந்தபின் வேலிக் கம்பி, கூட்டச் செலவு என்று போய்விட்டது. அரிசியும் சீனியும் பருப்பும் சவர்க்காரமும் கொப்பியில் எழுதி வாங்கிய கணக்கு 38,000 ரூபாவைத் தாண்டியிருந்தது. நாம் அதை மறந்தேவிட்டோம். அவரால் மறக்கமுடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. சுவாமியிடம் எப்படிக் காசு கேட்பது? கடைக்குச் சாமான் போடுவதற்காக அவர் வாரக் கடன் எடுத்திருந்தார். எமது கொப்பிக்கு அவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். சிறுகடன் பற்றி மக்களுக்குக் கற்பித்துக் கொண்டிருந்த நாமே அந்தக் கிராமத்தில் ஒரு பெண்ணின் கடனுக்குக் காரணமாக இருந்தோம்.

மறுநாள் காலை திருப்பலிக்கு முன்பே போய்க் கட்டினோம். லூக்கா 19இல் வரும் சக்கேயுவின் அளவுக்கு அது ஒன்றுமில்லை. தானாக முன்வந்து குற்றத்தை ஏற்றுக்கொள்பவன் முதலோடு ஐந்திலொரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது எண்ணாகமம் 5இல் உள்ள சட்டம். சக்கேயு நாலு மடங்கு என்கிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்கிறான். இயேசு கேட்கவும் இல்லை. நாம் ஐந்திலொரு பங்கையாவது சேர்த்துக் கொடுக்க முயன்றோம். அந்த அம்மா வாங்க மறுத்துவிட்டார். பிறகு அதை அவர் வாரத் தவணையில் சேர்த்துக் கட்டச் செய்தோம்.

இதை எழுதுவது எம்மைத் தாழ்த்திக் காட்டி நல்ல பெயர் வாங்குவதற்கல்ல. கோவில் பணியாளரின் சம்பளம், மறைக்கல்வி ஆசிரியரின் பயணக் காசு, மேசனுக்குக் கொடுக்கவேண்டிய மிச்சம் என்று பங்குமனைகளிலும் கன்னியர் மடங்களிலும் நிறுவனங்களிலும் இப்படிக் கொப்பிகள் இருக்கக்கூடும். கூலியாளின் கூலியை அன்றே, பொழுதுபடுமுன் கொடுக்கவேண்டும் என்பது உபாகமம் 24, 15. தியானத்துக்குப் பந்தல் போட்டவரின் கூலி தியானம் முடிந்த அன்று மாலையே கொடுபட்டதா என்று பார்த்தாலே பாதிப் புதுப்பித்தல் தெரிந்துவிடும்.

கான்சோ மீனவர்

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம். அங்கே கான்சோ என்ற மீனவக் கிராமத்துக்கு 1920களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ரொம்கின்ஸ் அடிகளார் பங்குத்தந்தையாக வந்தார். பல்கலைக்கழகமொன்றின் உயர் பதவியிலிருந்து அங்கு அனுப்பப்பட்டவர் அவர். மீனவர்கள் முதலாளிமாருக்குக் கடன்பட்டிருந்தார்கள். வலையும் உப்பும் உணவும் முதலாளியிடம் கடன், மீனும் அவருக்கே, விலையும் அவர் சொன்னதே. மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கித் தொழில் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. அடிகளார் வாசிக்கத் தந்தார், கேள்வி கேட்டார், மறுபடியும் கேட்டார். 1927 ஜூலை முதலாம் திகதி, கனடா தன் அறுபதாவது ஆண்டைக் கொண்டாடியபோது, கொண்டாடுவதற்குத் தங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டு அக்கிராமத்து மீனவர்கள் கூட்டம் கூடினார்கள்.

அடுத்த ஆண்டு, 1928இல், அன்ரிகோனிஷ் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் தனது விரிவாக்கத் திணைக்களத்தைத் தொடங்கியது. அதை நடத்தியவர் ரொம்கின்ஸ் அடிகளாரின் உறவினரான மோசஸ் கோடி அடிகளார். அவர்களுடைய வழி மிக எளியது. அயலவர் சிலர் ஒரு வீட்டுக் குசினியில் கூடி ஒரு விடயத்தைப் படிப்பார்கள். படித்தபின் ஒன்றைச் செய்வார்கள்: சேமிப்புக் கடன் சங்கம், கூட்டுறவுக் கடை, சிங்கி இறால் பதனிடும் நிலையம். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் ஒரே மேசையில் இருந்தார்கள். 1959இல் அங்கு தொடங்கிய கோடி சர்வதேச நிறுவனத்தில் எமது நாட்டிலிருந்தும் பலர் பயின்று வந்திருக்கிறார்கள்.

எம்மிடமும் வேர் இல்லாமலில்லை. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911இலேயே வந்துவிட்டது. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்ற பெயரைக் கேட்டால் எமது முதியவர்கள் பலர் தங்கள் பழைய பாஸ் புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்கள். அதற்கும் முந்தியது பிடியரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைப்பது சைவ வீடுகளிலும் எமது வீடுகளிலும் இருந்த வழக்கம். தவக்கால ஒறுத்தல் உண்டியல் அதன் தம்பி.

தொடங்குகிறவர்களுக்கு

ஐந்து முதல் பத்துப் பேர் போதும். அயலிலுள்ள சைவச் சகோதரிகள் கடன் குழுவில் எம்மோடு கையெழுத்திட்டவர்கள். அவர்களைச் சேமிப்புக் குழுவில் சேர்க்காமல் விடுவது பொருந்தாது. முதல் கூட்டத்தில் யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று பகிரங்கமாகக் கேட்கவேண்டாம். பெண்கள் வெட்கப்பட்டு, அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். அவரவர் வீட்டில் ஒரு தாளில் எழுதட்டும்: யாரிடம், எப்போது, எதற்காக, இதுவரை கட்டியது எவ்வளவு. கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுவது முக்கியம். மனைவி பெயரில் மூன்று கடன் இருப்பதை அந்தத் தாளில்தான் முதன்முதல் அறிந்த கணவர்மாரை எமக்குத் தெரியும்.

'எதற்காக' என்ற நிரலைக் கூர்ந்து பார்க்கவேண்டும். விதைநெல்லுக்கும் வைத்தியத்துக்கும் பட்ட கடனோடு, முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் பட்ட கடனும் அதில் இருக்கும். மண்டபம், வீடியோ, நூறு பேருக்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் இருந்து சாப்பிட்டது யார் என்று கேட்டால், பங்குத்தந்தை. முதல் நன்மைக்குப் பங்காகச் சேர்ந்து ஒரே எளிய காலை உணவு என்ற தீர்மானத்தை ஒரு பங்குச் சபை எடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் ஒரு கடனிலிருந்து தப்பும். இதற்குத் திட்டப் பணம் வேண்டியதில்லை.

சேமிப்பை வாரம் 100 ரூபாவில் தொடங்கலாம். கொப்பி ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்க வாசிக்கப்படவேண்டும். எத்தனையோ நல்ல சங்கங்கள் வஞ்சகத்தால் அழியவில்லை. வாசிக்கப்படாத கொப்பியால் அழிந்தன. செபத்தோடு தொடங்கும் கூட்டத்தில் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நெகேமியாவின் குருக்களை நினைத்துக்கொள்ளட்டும்.

காணியை ஈடு வைத்து, அல்லது நம்பிக்கையில் உறுதி எழுதிக் கொடுத்துச் சிக்கியவர்கள் காலம் தாழ்த்தாமல் கடன் இணக்கச் சபையை நாடலாமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டறியவேண்டும். நிதி நிறுவனத்தின் நடத்தை பற்றிய முறைப்பாட்டை முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, பதிலில்லாவிடின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம். கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பதும் ஆவியாரின் கொடைதான்.

சுவாமி ஆன்மீகத்தை விட்டுப் பொருளாதாரம் பேசுகிறார் என்று சிலர் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் எமது நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. அதன்பின் பேச்சுவார்த்தைக்கு மேசைகள் போடப்பட்டன, தவணைகள் மாற்றப்பட்டன. 2025 யூபிலி ஆண்டுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடலிலும் ஏழை நாடுகளின் கடன்களை மன்னிக்கும்படி செல்வந்த நாடுகளைக் கேட்டிருந்தார். லேவியராகமம் 25இல் கூறப்படும் ஐம்பதாவது ஆண்டின் யூபிலிக்கு அது பொருத்தமானதே. பனங்காணிக்குள் ஒளிந்திருந்த தாய்க்கு அப்படியொரு மேசையை யார் போடுவது? அதைக் கேட்பது ஆன்மீகமல்ல என்றால், நெகேமியாவின் 5ஆம் அதிகாரத்தை விவிலியத்திலிருந்து கிழித்துவிடவேண்டும்.

கடன்பட்டவருக்கும் கடமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தக் கற்கை எவருக்கும் கட்டாமல் விடச் சொல்லிக் கொடுப்பதல்ல.

மேலே சொன்ன செபக்குழுவில் ஒரு தாய் இருந்தார். குழுவில் நன்றாகச் செபிப்பவர்களுள் ஒருவர். ஐந்து பேருக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் காசு கொடுத்திருந்தார். நெகேமியாப் பகுதியை வாசித்து இரண்டு வாரம் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. நாம் போய்க் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அது அவமானமாகியிருக்கும். மூன்றாம் வாரம் ஒரு சிறிய கொப்பியோடு பங்குமனைக்கு வந்தார். மூவர் ஏற்கெனவே முதலுக்கு மேல் கட்டிவிட்டார்கள், இனி அவர்கள் ஒன்றும் தரவேண்டாம் என்று அந்தப் பெயர்களைத் தாமே கோடிட்டு வெட்டினார். மற்ற இருவரின் பெயர்களை வெட்டவில்லை. அவர்களுக்குக் கொடுத்த காசு அவருடையதல்ல. மகளின் நகையை அடைவு வைத்து எடுத்தது. அடைவுக்கடையில் அவரும் வட்டி கட்டுகிறார். "என்ன செய்யிறது சுவாமி?" என்று கேட்டார். வட்டியை அடைவுக்கடை அளவுக்குக் குறைத்து, சேமிப்புக் குழுவின் முதல் கடனை அந்த நகையை மீட்கக் கொடுக்கலாமா என்று குழு இப்போது பேசிக்கொண்டிருக்கிறது. இருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கூடுவோம்.